தட்டில் செத்த செல்லும் உடம்பில் இருக்கும் கட்டியும்

முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: “புற்றுநோய்ச் செல்களில் மருந்தைச் சேர்த்து, சிவப்பு விளக்கைக் காட்டினால் 90 சதவீதம் செத்துவிடுகிறது. புராஜெக்ட் நன்றாக வந்திருக்கிறது என்று வழிகாட்டி சொல்கிறார். எனக்கு மட்டும் உறுத்தல். பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்த செல்லை வைத்து ஒரு நோயாளியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? ஒளியால் புற்றைக் கண்டுபிடிக்கும் முறையையும் இதே செல்களை வைத்துச் சோதிக்கலாமா?”

உங்கள் உறுத்தல் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். மருந்தை ஒளியால் இயக்கும் இந்த ஒளிச் சிகிச்சைக்கு (ஃபோட்டோடைனமிக் தெரபி) மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும்: மருந்து, ஒளி, ஆக்சிஜன். தட்டில் மூன்றும் தாராளம். கட்டிக்குள் மூன்றுக்கும் தட்டுப்பாடு. உங்களுக்குக் கிடைத்த 90 சதவீதம் எல்லாம் தாராளமாக இருந்த இடத்தில் எடுத்த மதிப்பெண். அதனால் அது வீண் என்று ஆகிவிடாது. அந்த மதிப்பெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கிச் சொல்லித்தான் இந்தத் துறையைப் பற்றி நாளிதழ்களில் அத்தனை தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது.

முதலில் அடிப்படை, புதிதாகப் படிப்பவர்களுக்காக. ஒளியுணர்வி என்று ஒரு வகை மருந்து. இருட்டில் பெரும்பாலும் சாது. குறிப்பிட்ட நிற ஒளி பட்டதும் அந்த ஆற்றலை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அப்படிக் கிளர்ச்சியடைந்த ஆக்சிஜன் கைக்கு எட்டிய புரதத்தையும் கொழுப்பையும் தாக்கும். அதன் ஆயுள் மைக்ரோ செகண்டு கணக்கு. அதற்குள் ஒரு செல்லின் அகலத்தைக்கூட அது கடப்பதில்லை. ஆகவே மருந்து செல்லுக்குள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த மூலைதான் அடிவாங்கும். இதே மருந்துகளில் பல, நீல ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரவும் செய்யும். அதனால்தான் ஒரே பொருள் சிகிச்சைக்கும் கண்டுபிடிப்புக்கும் பயன்படுகிறது.

இந்தத் துறையே கண்ணாடித் தட்டில் தொடங்கியதுதான். மியூனிக்கில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர் (1900இல் இதை வெளியிட்டார்), அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகள் சாக எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம், ஆனால் ஒரு நாள் ஒரு விடை, மறுநாள் வேறு விடை. வெளிச்சம் இருந்த நாளில் சீக்கிரம் செத்தன, மங்கலான நாளில் தாக்குப்பிடித்தன. அவருடைய ஆசிரியர் டாப்பைனர்தான் இதில் ஆக்சிஜனுக்குப் பங்கு இருக்கிறது என்று பிறகு காட்டி, இந்த விளைவுக்குப் பெயரும் வைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தில் தாமஸ் டோஹெர்ட்டிக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஃப்ளோரசின் டையசிடேட் என்ற சாயத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயமேறிய செல்களில் ஒளி பட்டவை செத்தன. அந்த உறுத்தலைத் துரத்திக்கொண்டு போனதில்தான் ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்து வந்தது, 1993இல் கனடா அதற்கு முதல் அனுமதி கொடுத்தது. இரண்டு இடத்திலும் ஒளி என்பது யாரும் கணக்கில் எடுக்காத ஒன்றாக அறைக்குள் நுழைந்திருக்கிறது பாருங்கள். இன்றும் அப்படித்தான் நுழைகிறது, அதைத்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன்.

நான் இந்த வேலையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது பயன்படுத்தியது அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக ஏ.எல்.ஏ. இது சாயமே இல்லை, நிறமில்லாத சின்ன மூலக்கூறு. நம் உடம்பே இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமைச் செய்ய இதைத்தான் தொடக்கப் பொருளாக வைத்திருக்கிறது. வெளியிலிருந்து நிறையக் கொடுத்தால் செல் அதை வாங்கிப் படிப்படியாக மாற்றி, புரோட்டோபார்ஃபிரின் என்ற கட்டம் வரை கொண்டுவரும். அதில் இரும்பைச் செருகினால் ஹீம் ஆகிவிடும். பல புற்றுச் செல்களில் இந்த இரும்பு செருகும் நொதி மந்தம். ஆகவே புரோட்டோபார்ஃபிரின் அங்கேயே தேங்கும். மருந்தைச் செல்லே தன் கையால் செய்துகொள்கிறது என்பதுதான் இதன் அழகு. 1990இல் கனடாவின் கிங்ஸ்டனில் கென்னடி, பாட்டியர் குழு இதைத் தோல் நோயாளிகளுக்குத் தடவிக் காட்டியது.

சரி, என் முதல் தட்டு. மருந்து போட்டு ஒளி காட்டிய செல்கள் செத்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து மட்டும் போட்டு இருட்டில் வைத்த கன்ட்ரோல் செல்களும் பாதி செத்தன. மருந்துக்கே நச்சு இருக்கிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் மீடியம், அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசல், மாற்றிய லேமினார் மேசைக்குள் (கிருமி புகாமல் வேலை செய்யும் இடம்) குழல்விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. இருட்டுத் தட்டு என்று பெயர் எழுதி, வெளிச்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் வேலை செய்திருக்கிறேன். அதற்கப்புறம் மேசை விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு மங்கலான விளக்கில், தட்டை அலுமினியம் ஃபாயிலில் சுற்றி எடுத்துப்போய் வேலை செய்யத் தொடங்கினோம். இருட்டு கன்ட்ரோல் எழுந்து நின்றது. நுண்ணோக்கியில் பார்ப்பதும் ஒளி கொடுப்பதுதான் என்பதை மறக்காதீர்கள். தட்டில் ஒளிர்வைப் படம் எடுத்த குழியை மறுபடி சிகிச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான்கு தட்டு கட்டாயம்: எதுவும் கொடுக்காதது, ஒளி மட்டும், மருந்து மட்டும், இரண்டும். ஒளி மட்டும் கொடுத்த தட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விளக்கு சூடாகித் தட்டு 42 டிகிரிக்குப் போனால் அதுவே ஒரு சிகிச்சை, அப்புறம் நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்றே தெரியாமல் போகும்.

அடுத்த சிக்கல் சீரம். ஏ.எல்.ஏ. சேர்க்கும்போது மீடியத்தில் செல் வளரச் சேர்க்கும் கன்றின் இரத்தச் சீரம் இருந்தால், செல் செய்த புரோட்டோபார்ஃபிரின் வெளியே கசிந்து சீரத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் குறைந்துவிடும். சீரம் இல்லாத மீடியத்தில் வைத்தால் உள்ளேயே நிற்கும், சாவு விகிதம் தடாலென்று ஏறும். அதே செல், அதே மருந்து, அதே விளக்கு, ஆனால் இரண்டு ஆய்வகத்தில் இரண்டு விடை. உடம்பில் எது நடக்கும்? உடம்பு முழுக்க அல்புமின் ஓடிக்கொண்டிருக்கிறது. செல்கள் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தும் ஒரு செல்லுக்குச் சேரும் அளவு மாறும். மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் சாயமும் தன் பங்குக்கு ஒளியைக் குடிக்கும், தானும் ஒளிரும், நீல ஒளியில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஒளி காட்டும்போது ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் அல்லது வெறும் உப்புக் கரைசல் போதும். தண்ணீரை வெறுக்கும் மருந்துகள் என்றால், டெமோபோர்ஃபின் போல, பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு செல்லுக்குப் போய்ச் சேராது. நீங்கள் குழியில் போட்ட அளவும் செல் வாங்கிய அளவும் ஒன்று என்று நினைக்காமல், செல்லை உடைத்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இதை எழுதாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

அப்புறம் அந்த 90 என்ற எண். எம்.டி.டி. சோதனையில்தானே எடுத்தீர்கள்? மஞ்சள் கரைசல் ஊதாவாக மாறுவது செல்லின் வளர்சிதை மாற்றம் நடக்கிறதா என்பதைக் காட்டுகிறது. புரோட்டோபார்ஃபிரின் முதலில் உருவாவதே செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவில், அடிவாங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அடிபட்டு, மயங்கி, இரண்டு நாளில் எழுந்துவிடும் செல்லும் அன்றைக்கு ஊதாவாகாது. அதனால் காலனி சோதனையும் செய்யுங்கள்: சிகிச்சைக்குப் பின் செல்களைப் பிரித்து, எண்ணி, மிகக் குறைவாக விதைத்து, பத்துப் பதினான்கு நாள் காத்திருந்து, எத்தனை செல் தனியாக ஒரு குடும்பத்தை உண்டாக்கியது என்று எண்ண வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் புற்றுநோயில் முக்கியமான கேள்வியே அதுதான், திரும்ப வளருமா என்பது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி செல் வரை இருக்கும் என்பார்கள். அதில் 90 சதவீதம் போனாலும் ஒரு கோடி முதல் பத்துக் கோடி வரை மிச்சம் இருக்கிறது. நோயாளியிடம் இந்த மிச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

இப்போது ஒளி. 96 குழித் தட்டில் ஒரு குழியில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் மூன்று மில்லிமீட்டர் உயரம் தெளிந்த திரவம், அடியில் ஒற்றை அடுக்காகச் செல்கள். எல்லாச் செல்லும் ஒரே அளவு ஒளி வாங்குகிறது. உடம்பின் திசுவில் அப்படி இல்லை. நீல ஒளி ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாக இறங்காது, சிவப்பு சில மில்லிமீட்டர் போகும். மேலே இருக்கும் செல் தேவைக்கு மேல் வாங்கும்போது கீழே இருப்பது அரைகுறையாக வாங்குகிறது. தட்டில் மிக நன்றாக வேலை செய்த ஒரு மருந்து நீல ஒளியை மட்டும் குடிக்கும் என்றால், மெல்லிய தோல் புண்ணுக்கு அது போதும், ஆழமான கட்டிக்கு உதவாது. இதைத் தட்டு உங்களிடம் சொல்லாது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்சிஜன் கதை. தட்டை வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் கிட்டத்தட்ட காற்றில் இருக்கும் அளவு ஆக்சிஜன், 18, 19 சதவீதம். உடம்பின் பெரும்பாலான திசுக்களில் இதில் பாதிக்கும் குறைவு, கட்டியின் உட்பகுதிகளில் ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் கீழேயும் போகும். இந்தச் சிகிச்சை ஆக்சிஜனைச் செலவழித்து நடப்பது. ஒளியை வேகமாகக் கொட்டினால், இரத்தம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இருப்பது தீர்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் சும்மா சூடுதான். ஒற்றை அடுக்குச் செல்லில் இதைப் பார்ப்பது கஷ்டம், மேலே திரவம் முழுக்க ஆக்சிஜன் கரைந்து கிடக்கிறது.

இதைப் பிடித்தது ஸ்பீராய்டு என்ற குட்டி உருண்டைகள். தட்டின் அடியில் ஒட்டவிடாமல் வளர்த்தால் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாகும். அரை மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் வெளி ஓட்டில் செழிப்பான செல், அதற்குள்ளே அரைப்பட்டினிச் செல், நடுவில் செத்த மையம். ஒரு கட்டியின் இரத்தக்குழாயிலிருந்து விலகிப்போகப்போக என்ன நடக்கிறதோ அதன் சின்ன நகல் அது. 1993இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபாஸ்டர் குழு இந்த உருண்டைகளுக்கு ஃபோட்டோஃப்ரின் கொடுத்து, மொத்த ஒளியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது. நிதானமாகக் கொடுத்தபோது அதிகச் செல்கள் செத்தன. அதிகத் திறன் விளக்கு வாங்கி, நேரத்தை மிச்சப்படுத்தி, சிகிச்சையைக் கெடுத்துக்கொள்ள முடியும் என்று அர்த்தம். பின்னால் கலிஃபோர்னியாவின் பெக்மன் லேசர் நிறுவனத்தில் மேட்சன், ஹிர்ஷ்பெர்க் குழு மூளைக்கட்டி உருண்டைகளில் ஏ.எல்.ஏ. கொடுத்துப் பார்த்தபோதும் மெதுவான ஒளிக்கே நல்ல பலன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உருண்டை, விளக்கை எவ்வளவு வேகத்தில் எரிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குப் பாடம் சொன்னது. செல் வளர்ப்பை மட்டமாகப் பேசுபவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அதே மூச்சில் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1985இல் ராஸ்வெல் பார்க்கில் பார்பரா ஹென்டர்சன் குழு எலியின் கட்டிகளுக்கு, கட்டியை அழிக்கப் போதுமான மருந்தும் ஒளியும் கொடுத்தது. சில எலிகளில் சிகிச்சை முடிந்த உடனேயே கட்டியை வெட்டி எடுத்து, செல்களைப் பிரித்து, தட்டில் விதைத்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமே நடக்காதது போல அவை காலனி கட்டின. மற்ற எலிகளில் கட்டியைச் சில மணி நேரம் உள்ளேயே விட்டு வெட்டி எடுத்தார்கள். நேரம் போகப்போக உயிருள்ள செல் வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. என்ன நடந்திருக்கிறது என்றால், ஒளி நேரடியாகக் கொன்றது கொஞ்சம்தான், கட்டிக்குச் சோறு கொண்டுவரும் இரத்தக்குழாய்கள் அடைபட்டுப் பட்டினியில் செத்ததுதான் பெரும்பகுதி. தட்டில் இரத்தக்குழாய் ஏது? தட்டில் மட்டும் பார்த்திருந்தால் அந்த அளவு மருந்தைப் பயனில்லை என்று தள்ளியிருப்பார்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து மிச்சத்தைத் தின்பதும் தட்டில் கிடையாது. ஆகவே தட்டு சில நேரம் நம்மை அதிகம் நம்பவைக்கும், சில நேரம் நல்ல மருந்தைக் கைவிடவும் வைக்கும். இரண்டு பக்கமும் தவறும்.

இரத்தக்குழாய் வேண்டுமென்றால் எலிக்குப் போவதற்கு முன் ஒரு வழி உண்டு, கோழி முட்டை. கருவுள்ள முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டினால், கருவைச் சுற்றிய சவ்வில் மரக்கிளை போலப் பிரிந்த குழாய்கள் துடிப்போடு தெரியும். மருந்தைச் செலுத்தி, ஒளியைக் காட்டி, எந்தக் குழாய் மூடுகிறது, எது மறுநாள் திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் லோசானில் வான் டென் பெர்க் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

கண்டுபிடிப்புப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை. ஒன்று, ஏ.எல்.ஏ. போல எதையாவது கொடுத்து ஒளிரவைப்பது. இன்னொன்று, எதுவும் கொடுக்காமல் திசு தானாகவே ஒளிர்வதை அளப்பது.

முதல் வகைக்குச் செல் வளர்ப்பு நல்ல தொடக்கம். ஜெர்மனியில் வால்டர் ஷ்டூமர் குழு 1998இல் எலியின் சி6 மூளைக்கட்டிச் செல்களைத் தட்டிலும் எலியிலும் வைத்து, ஏ.எல்.ஏ. கொடுத்தால் பார்ஃபிரின் தேங்குகிறதா என்று பார்த்தது. அங்கிருந்து அறுவை அரங்குக்குப் போனார்கள். நோயாளி முன்கூட்டியே கரைசலைக் குடிக்கிறார், மூளையைத் திறந்ததும் நீல ஒளியில் கட்டி ரோஜா சிவப்பாக ஒளிர்கிறது, மருத்துவர் அதைப் பார்த்து வெட்டுகிறார். 2006இல் வெளியான அவர்களுடைய பெரிய ஆய்வில், சாதாரண வெள்ளை ஒளியில் அறுவை செய்தவர்களில் 36 சதவீதத்தினருக்குத்தான் ஸ்கேனில் தெரிகிற கட்டி முழுதாக அகன்றது, ஒளிரவைத்துச் செய்தவர்களில் 65 சதவீதத்தினருக்கு. ஆறு மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 41 சதவீதமாக உயர்ந்தார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் அனுமதி கொடுத்தது. தட்டில் தொடங்கியது நோயாளியின் படுக்கை வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் இது. கட்டியின் விளிம்பில், நல்ல மூளைக்குள் ஒன்றிரண்டாகக் கலந்து கிடக்கும் செல்கள் கண்ணுக்கு ஒளிர்வதில்லை என்ற குறையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தட்டில் எல்லாச் செல்லும் புற்றுச் செல்லாக இருப்பதால் அங்கே விளிம்பு என்ற ஒன்றே இல்லை.

இரண்டாவது வகையில்தான் வெறும் செல் வளர்ப்பு காலை வாரிவிடும். நியூயார்க்கில் ஆல்ஃபானோ குழு 1980களிலிருந்து இதைச் செய்துவருகிறது. அவர்களோடு சேர்ந்து சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எஸ். கணேசன், சாதாரண எபிதீலியச் செல்லும் (உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் திசுவின் செல்) புற்றான செல்லும் வளர்ப்பில் எப்படி வேறுபட்டு ஒளிர்கின்றன என்று 1998இல் எழுதினார். செல்லுக்குள் டிரிப்டோஃபான், என்.ஏ.டி.ஹெச்., ஃப்ளேவின் என்று ஒளிர்பவை இருக்கின்றன, அவற்றின் விகிதம் மாறுகிறது. செல்லைப் பற்றிய அளவில் இது உண்மை. ஆனால் வாயிலோ கருப்பை வாயிலோ நீல ஒளியைப் பாய்ச்சும்போது பளிச்சென்று தெரிவதில் பெரும்பங்கு எபிதீலியத்துக்குக் கீழே இருக்கும் கொலாஜன் நார்களுடையது. புற்று தொடங்கும் இடத்தில் எபிதீலியம் தடிக்கிறது, கீழே கொலாஜன் குலைகிறது, ஆகவே அந்த இடம் கருமையாகத் தெரிகிறது. தட்டில் கொலாஜனே இல்லை! தட்டில் புற்றுச் செல் அதிகம் ஒளிர்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனால், அங்கே புற்று இருக்கும் இடம் இருட்டாக இருக்கும். இதைத் தெளிவாக்கியது ரெபெக்கா ரிச்சர்ட்ஸ் கோர்ட்டம் குழுவின் வேலை. கருப்பை வாயிலிருந்து எடுத்த புதிய திசுவை, உயிரோடு இருக்கும்போதே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, எந்த அடுக்கு எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எபிதீலியத்தில் ஏறுவதும் கொலாஜனில் இறங்குவதும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆகவே கண்டுபிடிப்புக்குச் சோதிக்க வேண்டுமென்றால் இப்படி உயிருள்ள சீவல்கள், அல்லது குறைந்தது கொலாஜன் ஜெல் மேல் வளர்த்த அடுக்குத் திசு வேண்டும்.

நம் ஊர்க் கவலையோடு நேராகத் தொடர்புள்ள ஒன்று இருக்கிறது. புகையிலை மெல்லும் பழக்கத்தால் இந்திய ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. லேசர் கருவி விலை அதிகம், நிலையான மின்சாரம் வேண்டும். பாஸ்டனில் ஜோனதன் செல்லி, தையபா ஹசன் ஆகியோரும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்து மருத்துவர்களும் சேர்ந்து, பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கும், ஒளிர்வைப் படம் பிடிக்க ஸ்மார்ட்ஃபோனும் போதுமா என்று கேட்டார்கள். 2015இல் வெளிவந்த முதல் சோதனை நோயாளியிடம் நடக்கவில்லை. ஏ431 என்ற மனிதப் புற்றுச் செல்களை ஜெல்லில் முப்பரிமாணமாக வளர்த்து, ஏ.எல்.ஏ. கொடுத்து, விலை உயர்ந்த லேசரோடு இந்த விளக்கை ஒப்பிட்டார்கள். ஈடுகொடுத்தது. அப்புறம்தான் அலிகரில் ஆரம்பநிலை வாய்ப் புற்று உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். இங்கே செல் வளர்ப்பிடம் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். இந்தச் சிகிச்சை புற்றைக் குணப்படுத்துமா என்று கேட்கவில்லை. இந்த மலிவு விளக்கும் அந்த விலையுயர்ந்த விளக்கும் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வளர்ப்புத் தட்டு நேர்மையாகப் பதில் சொல்லும்.

ஹசன் குழு 2010இல் கேட்ட இன்னொரு கேள்வியும் இப்படித்தான். சூல்பைப் புற்றுச் செல்களை ஜெல்லில் முடிச்சு முடிச்சாக வளர்த்து, ஒளிச் சிகிச்சையையும் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒளி முதலில், மருந்து பிறகு என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. வரிசையை மாற்றினால் அந்தப் பலன் இல்லை. ஒளி அந்த முடிச்சுகளை உடைத்துப் போட்டுவிடுகிறது, அதன்பின் மருந்துக்கு உள்ளே போக வழி கிடைக்கிறது. தட்டையான அடுக்கில் உடைப்பதற்கு முடிச்சே இல்லை என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

கலந்து வளர்ப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கோபயாஷி குழு 2011இல், ஒரு குறிப்பிட்ட இலக்குப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியோடு ஐஆர்700 என்ற சாயத்தைக் கட்டி அனுப்பியது. இலக்குப் புரதம் உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்து அண்மை அகச்சிவப்பு ஒளி காட்டினால், சில நிமிடத்தில் இலக்குச் செல்கள் உப்பி, கொப்புளம் கிளம்பி வெடிக்கின்றன, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பக்கத்துச் செல் அசையாமல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் கொல்ல முடியுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எலியில்கூடக் கிடைக்காது. ஜப்பான் 2020இல் தலை, கழுத்துப் புற்றுக்கு இதை அனுமதித்தது.

இதைப் படிக்கும் நோயாளிகளோ குடும்பத்தினரோ இருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. “ஆய்வகத்தில் ஒளியால் 95 சதவீதப் புற்றுச் செல்கள் அழிந்தன” என்று செய்தி வந்தால், எதில் அழிந்தன என்று பாருங்கள். தட்டில் என்றால் அது உங்கள் சிகிச்சையை மாற்ற வேண்டிய செய்தி இல்லை, நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு அதைத் தேடிப் போக வேண்டாம். அதே சமயம் ஒளிச் சிகிச்சையே ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம். தோல், உணவுக்குழாய் போன்ற இடங்களில் முறையாக அனுமதிக்கப்பட்டு நடக்கிறது. உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

மாணவருக்கு: புராஜெக்டைத் தூக்கிப்போட வேண்டாம், தலைப்பைக் கொஞ்சம் திருப்புங்கள். செல்லுக்குள் போன மருந்தின் அளவு, இருட்டு கன்ட்ரோல், காலனி சோதனை மூன்றையும் சேருங்கள். அப்புறம் அதே 96 குழித் தட்டில், அடியில் ஒன்றரை சதவீத அகரோஸை (ஆறினால் ஜெல்லாக உறையும்) மெல்லிய பூச்சாக ஊற்றி ஆறவிடுங்கள். செல் ஒட்ட இடமில்லாமல் உருண்டையாகிவிடும். எல்லாச் செல் வகையும் அழகாக உருளாது, சில தளர்ந்த கொத்தாகவே நிற்கும், அப்படியானால் வேறு செல் எடுங்கள். நான்கைந்து நாளில் குழியின் நடுவில் வெண்புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும். அரை மில்லிமீட்டர் ஆனதும் மருந்து கொடுத்து, சதுர சென்டிமீட்டருக்கு 10 ஜூல் ஒளியை ஒரு தட்டுக்கு 20 மில்லிவாட்டில் கொடுங்கள், எட்டு நிமிடம் இருபது வினாடியில் முடிந்துவிடும். இன்னொரு தட்டுக்கு அதே 10 ஜூலை ஒரு மணி நேரத்துக்கு நீட்டிக் கொடுங்கள், மூன்று மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். உருண்டைகளைப் பிரித்துக் காலனி எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.